ரயில் பாதைக்குக் கிழக்கே: பழவேற்காட்டுக் கரை நடைக்கு ஒரு திட்டம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று பேச ஆரம்பித்தால், எல்லார் கையும் வடமேற்கைத்தான் காட்டும். தடா அருவி, நாகலாபுரம் மலை. பாறை ஏறலாம், அருவியில் குளிக்கலாம். கிழக்கே யாரும் கை காட்டி நான் பார்த்ததில்லை. அந்தக் கிழக்கில்தான், சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி கிடக்கிறது. வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பழவேற்காடு ஏரி.

அதன் மேற்குக் கரையோரமாக, முதுகில் பை மாட்டிக்கொண்டு மூன்று பகல் நடப்பது என்று நானும் நண்பர்கள் இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறோம். ஆரம்பாக்கத்தில் தொடங்கிப் பழவேற்காட்டில் முடிக்க வேண்டும். அந்தத் திட்டம் பற்றித்தான் இந்தப் பதிவு. இந்தக் கரையில் நடப்பவர்களுக்கென்று வழி போட்டு வைக்கவில்லை. அடையாளப் பலகையோ, கூடாரம் போட ஒதுக்கிய இடமோ எங்கள் விசாரிப்பில் தட்டுப்படவில்லை. ஒவ்வொரு தகவலையும் ஆள் பிடித்துக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. சேர்த்ததை எழுதி வைத்தால் அடுத்து நடக்க நினைப்பவருக்கு உதவும்.

வெளிநாட்டில் பேர்பெற்ற ஏரிக்கரை நடைகள் உண்டு. அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரியின் தென்கரையில் பிக்சர்டு ராக்ஸ் என்ற இடத்தில் சுமார் 68 கிலோமீட்டருக்கு ஒரு பாதை ஓடுகிறது. சில கிலோமீட்டருக்கு ஒரு கூடார இடம். முன்பதிவு செய்துவிட்டுப் போகலாம். தாகம் எடுத்தால் ஏரித் தண்ணீரையே வடிகட்டிக் குடிக்கலாம். இணையத்தில் கிடைக்கிற பயண ஆலோசனைகளெல்லாம் இப்படிப்பட்ட ஏரிகளை மனதில் வைத்து எழுதியவை. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனால் முதல் நாள் மதியமே சிக்கலாகிவிடும். இங்கே ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும், ஒரு மடக்குக் குடிக்க முடியாது. தரை தெரியும், கால் வைக்க முடியாது.

கரை என்று வரைபடத்தில் ஒரு கோடு தெரிகிறதே, அதை நம்பக் கூடாது என்பதுதான் நாங்கள் முதலில் புரிந்துகொண்டது. இந்த ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். ஐப்பசி கார்த்திகையில் ஆரணி ஆறு, காளங்கி, சொர்ணமுகி மூன்றும் வெள்ளம் கொண்டுவந்து கொட்டும்போது பரப்பு 450 சதுர கிலோமீட்டர் வரை விரிகிறது. கோடையில் 250 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இவ்வளவு தட்டையான நிலத்தில் தண்ணீர் ஒரு சாண் ஏறினாலும் கரை எங்கேயோ போய்விடும். செயற்கைக்கோள் படம் எந்த மாதம் எடுத்ததோ, அந்த மாதத்துக் கரையைத்தான் அது காட்டும்.

பழவேற்காட்டு மீன் ஏலக்கூடத்துப் பக்கம் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். கைபேசியில் நாங்கள் போட்டிருந்த வழியைக் காட்டியதும் அவர் திரையைப் பார்க்கவே இல்லை. "தம்பி, அதெல்லாம் இருக்கட்டும். முகத்துவாரம் தொறந்திருக்கா, தூந்துபோச்சான்னு கேட்டீங்களா? அதைக் கேக்காம எப்புடி நடப்பீங்க?" என்றார்.

அவர் சொன்னதுதான் திட்டத்தின் அடித்தளம். ஏரியும் கடலும் சேர்கிற முகத்துவாரம் பழவேற்காட்டுக்கு அருகில் இருக்கிறது. மழைக்காலத்து வெள்ளம் அதை அறுத்துத் திறக்கும். பிறகு கடல் மணலைக் கொண்டுவந்து சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும். திறந்திருக்கும் நாட்களில் கடலின் ஏற்றவற்றம் ஏரிக்குள் வரும். காலையில் நடந்த சேற்றுத் திட்டு பிற்பகலில் தண்ணீருக்குள் போயிருக்கும். அடைந்துவிட்டால் ஏரி வற்றிக்கொண்டே போய், கோடையில் தண்ணீர் கடலைவிட உப்பாகிவிடும். மீனும் இறாலும் உள்ளே வருவதும் வெளியே போவதும் நின்றுவிடும். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்று பழவேற்காட்டு மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பது இதனால்தான். நமக்கு அது வழி பற்றிய கேள்வி. அவர்களுக்கு அன்றாடச் சோறு.

ஆக, எப்போது போவது? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை, புயல், ஆற்று வெள்ளம் மூன்றும் இந்தக் கரையில்தான் வந்து மோதும். மார்ச்சுக்குப் பிறகு வெயில். நிழல் தர மரம் இல்லாத உவர்நிலத்தில் அது ஆபத்து. பொங்கல் முடிந்து பிப்ரவரிக்குள் என்று வைத்திருக்கிறோம். அதிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிர்த்து, அஷ்டமியை நடுவில் வைத்து மூன்று நாள். அப்போதுதான் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் குறைவு. வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டர் இந்த விஷயத்தில் எந்தச் செயலியைவிடவும் வசதி.

வடக்கிலிருந்து தெற்கே நடப்பதற்கும் காரணம் இருக்கிறது. அந்த மாதங்களில் வாடைக்காற்று முதுகுப் பக்கம் இருக்கும். எதிர்க்காற்றில் உப்பும் மணலும் முகத்தில் அடிக்கும் என்று கரைக்காரர்கள் எச்சரித்தார்கள். மேற்குக் கரையில் நடந்தால் இன்னொரு லாபம்: மதியத்துக்கு மேல் சூரியன் நமக்குப் பின்னால் போய்விடும், ஏரி முழுக்க நேர் வெளிச்சத்தில் தெரியும். பறவை பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

அடுத்தது, இரவு எங்கே தங்குவது. நிறைய யோசித்தது இதற்குத்தான்.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் 153.67 சதுர கிலோமீட்டர் 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். ஆபத்து உண்டாக்கும் வகையில் நெருப்பு மூட்டுவது குற்றம். கரையில் கூடாரம் அடித்து, நெருப்பு மூட்டி, நட்சத்திரம் பார்ப்பது என்று நண்பர் ஒருவருக்கு ஆசை. அந்த ஆசை புரிகிறது. ஆனால் இங்கே அது கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும்; இரவில் சேற்றில் இரை தேடும் பறவைகள் இருக்கின்றன, இரவில் வலை போடும் மனிதர்கள் இருக்கிறார்கள். நம் விளக்கும் பேச்சும் இரண்டு பேருக்கும் இடைஞ்சல்.

தீர்வை ரயில் கொடுத்தது. சென்னையிலிருந்து சூலூர்பேட்டை போகும் புறநகர் ரயில் பாதை, ஏரிக்கு மேற்கே அதோடு கூடவே வடக்கு நோக்கி ஓடுகிறது. பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம், தடா என்று வரிசையாக நிலையங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் கிழக்கே போனால் ஏரி. ஆகவே பகல் முழுக்கக் கரையில் நடப்பது, பொழுது சாய்வதற்குள் மேற்கே திரும்பி ரயிலையோ பஸ்ஸையோ பிடிப்பது, கும்மிடிப்பூண்டியில் தூங்குவது, மறுநாள் விட்ட இடத்துக்குப் போவது. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ரயில்கள் குறைவு என்பதால் முதல் நாள் திரும்பும் ரயிலின் நேரத்தைத் தலைகீழாகப் பாடம் பண்ண வேண்டும். இதை நடைப்பயணம் என்று சொல்லலாமா என்று நண்பர் கேட்டார். தாராளமாகச் சொல்லலாம். கரையில் ஒரு தடயமும் விடாமல் அந்த ஏரியின் ஒரு பகுதியையாவது காலால் அறியலாம் என்றால் எனக்கு அது போதும்.

முதல் பகல் ஆரம்பாக்கத்திலிருந்து நொச்சிக்குப்பம் பக்கம் இறங்கித் தெற்கே திரும்புகிறோம். இரண்டாம் பகல் எளாவூர் வழியாகச் சுண்ணாம்புக்குளம் போய், அங்கிருந்து முடிந்தவரை கரையோரம். மூன்றாம் பகல் அண்ணாமலைச்சேரியில் காலையைக் கழித்துவிட்டு, பொன்னேரி வந்து, பஸ்ஸில் பழவேற்காடு. அண்ணாமலைச்சேரியிலிருந்து கரையோரமாகவே பழவேற்காடு போய்விடலாம் என்று வரைபடம் ஆசை காட்டுகிறது. நடுவே ஆரணி ஆறு ஏரியில் விழுகிறது. சேறும் கால்வாய்களுமான அந்த இடத்தை நடந்து கடக்கும் எண்ணமே வேண்டாம். நாளுக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடவில்லை. சமதரைதானே என்று தோன்றும். உவர்ச்சேற்றில் ஒரு கிலோமீட்டர் நடந்து பார்த்தவருக்கு அந்தக் கணக்கு விளங்கும்.

பல இடங்களில் கரை என்பதே இறால் பண்ணைகளின் வரப்புதான். அது தனியார் இடம், காவலாளி இருப்பார், நாய் இருக்கும். சுற்றிப் போகச் சொன்னால் சுற்றிப் போக வேண்டும். அதற்கென்று ஒவ்வொரு பகலிலும் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்திருக்கிறோம்.

வடக்கே ஒரு எல்லை உண்டு. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடப்பது ஸ்ரீஹரிகோட்டா. சதீஷ் தவான் விண்வெளி மையம் அங்கே. அந்தப் பக்கம் ட்ரோன் கொண்டுபோவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். ராக்கெட் ஏவும் நாட்களில் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பார்கள், பழவேற்காட்டில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். நாங்கள் தேதி குறிக்கும்போது ஏவுதல் அட்டவணையைப் பார்த்து, அந்த நாள் இல்லாமல் வைக்கப்போகிறோம். கூட்டம் உள்ள நாளில் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது.

இந்த ஏரியை ஆளில்லாத காடு என்று நினைத்துப் போவதுதான் பெரிய தப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் வெட்டவெளிதான். அந்தத் தண்ணீரின் ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கு இருக்கிறது. பழவேற்காட்டு மீனவக் கிராமங்களில் 'பாடு' என்று ஒரு முறை வழிவழியாக நடக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடங்களில் யார் எந்த நாள் வலை போடலாம் என்பதை ஊர்க்காரர்களே சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவற்றின் பாடு முறையை ஆய்வாளர்கள் வந்து எழுதியிருக்கிறார்கள். பொதுச்சொத்தை அடிதடி இல்லாமல் எப்படிப் பங்கிடுவது என்று உலகம் மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்விக்கு இந்தக் குப்பங்கள் வைத்திருக்கும் பதில் அது. அங்கே நடப்பவர் இது தெரிந்து நடக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நட்டு வைத்த கழியும் கட்டி வைத்த வலையும் யாரோ ஒருவருக்கு முறை வந்த நாளின் கூலி. அதில் கால் பட்டுக் கிழிந்தால் அவருக்கு அடுத்த முறை எப்போது வருமோ.

ஆழமில்லாத தண்ணீரில் கைகளால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களையும் பார்க்கலாம். பெண்கள் மணிக்கணக்கில் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்வார்கள். அவர்களைப் படம் எடுப்பதில்லை என்று மூன்று பேரும் இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.

சாமான் விஷயத்துக்கு வருகிறேன். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் காலையிலேயே பையில் இருக்க வேண்டும். கிராமத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்ற கணக்கு சரிவராது. ஏரியோரக் கிராமங்கள் பலவற்றில் நிலத்தடி நீர் உப்பு. குடிதண்ணீரை அவர்களே குடம் கணக்கில் பிடித்து வைக்கிறார்கள். அதில் போய்ப் பங்கு கேட்பது நியாயமில்லை. கடையில் பாட்டில் வாங்கலாம், வெறும் பாட்டிலைத் திருப்பிச் சுமந்து வர வேண்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கட்டாயம். சாப்பாட்டுக்குப் புளிசாதம், அவல், கடலை உருண்டை. அடுப்பு வேண்டாம்.

செருப்பு போட்டுக்கொண்டு வருகிறேன் என்பவரை அழைத்துப் போகாதீர்கள். சேற்றுக்குள் செத்த ஆளிச் சிப்பிகள் விளிம்பு மேலே தெரிய நிற்கின்றன, கத்திதான். சிப்காட்டில் எல்லோரிடமும் இருக்கும் சேஃப்டி ஷூவும் ஆகாது. முனையில் இரும்பு, கனம் அதிகம், சேற்றில் புதைந்தால் வராது. கயிறு கட்டும் பழைய விளையாட்டு ஷூ, மேலே முழுக்கால் சட்டை, கையில் ஒரு மூங்கில் கழி. கழியால் முன்னே குத்திப் பார்த்து, அரை அடிக்கு மேல் இறங்கினால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். உமரிச் செடி பரவியிருக்கும் இடம் பெரும்பாலும் கால் தாங்கும். மினுமினுவென்று வழுவழுப்பாகத் தெரியும் இடம் தாங்காது. சீமைக்கருவேலப் புதருக்குள் புகும்போதும் கழி வேண்டும்; விரியன் இருக்கும். மூன்று பேர் கைபேசியிலும் வேறு வேறு நிறுவனத்தின் சிம். பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. 108க்குச் சொல்ல வசதியாக அன்றன்று அருகிலுள்ள ஊர்ப் பெயரைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளப் போகிறோம்.

படகு ஏறுவதில்லை. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். கிறிஸ்துமஸ் நாளுக்கென்று குடும்பமாக வந்தவர்கள். அதன்பின் சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. 'ரகசியமாக ஒரு சுற்று கூட்டிப்போகிறேன்' என்று யார் அழைத்தாலும் மறுப்பதுதான் அவருக்கும் நல்லது.

பூநாரைகளைப் பார்க்காமல் யாரும் இங்கிருந்து திரும்ப விரும்ப மாட்டார்கள். பனிக்காலத்தில் கூட்டம் கூட்டமாக நிற்கும். காலால் சேற்றை மிதித்துக் கலக்கி, தலையைத் தலைகீழாக்கி, அலகால் தண்ணீரை வடிகட்டிச் சின்னஞ்சிறு உயிர்களைத் தின்னும். கூழைக்கடா, ஊசிவால் வாத்து, உள்ளான் எல்லாம் உண்டு. எவ்வளவு அருகில் போகலாம் என்பதற்கு அளவுநாடா தேவையில்லை. குனிந்து மேய்கிற பூநாரைகள் ஒவ்வொன்றாகத் தலை நிமிர்த்தினால் நாம் எல்லையைத் தொட்டுவிட்டோம். சேர்ந்தாற்போல் ஒரு பக்கமாக நடக்கத் தொடங்கினால் தாண்டிவிட்டோம். உடனே பின்வாங்க வேண்டும். பறக்கவிட்டுப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கண்டங்களைத் தாண்டி வந்த உள்ளான்களுக்கும் இந்த மாதங்களில் தின்று சேர்க்கிற கொழுப்புதான் திரும்பிப் போக வழிச்செலவு. ஒவ்வொரு முறை கிளப்பிவிடும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது.

ஒத்திகைக்கு ஒரு நடை வேண்டுமே, அதற்குக் குடியம் குகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பூண்டி ஏரிக்கு அப்பால் புதர்க்காட்டுக்குள் இருக்கிறது. தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 வழிகளில் அதுவும் ஒன்று. இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். பாரம் சுமந்து வெயிலில் நடந்து பழக நல்ல இடம். போகிற வழியில் பூண்டி தொல்லியல் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பின்னாளில் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்து, மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுக்கு முற்பட்டவை என்று 2011இல் வெளியிட்டார்கள். கொசஸ்தலை ஆற்றோரத்தில் அத்தனை காலம் முன்பே மனிதக் கூட்டம் நடந்திருக்கிறது. நாம் மூன்று பகல் நடப்பதற்கு இவ்வளவு யோசிக்கிறோம்.

மூன்றாம் நாள் மாலை பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்குப் போக நேரம் ஒதுக்கியிருக்கிறோம். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான். இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் கல்லறையின் வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கின்றன. பிறகு பாலம் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம், அங்கிருந்து கடற்கரை. முகத்துவாரத்தை அன்றைக்காவது நேரில் பார்க்க வேண்டும்.

பாக்கி இருக்கும் வேலைகள்: வனத்துறைக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். எந்தெந்த ஊர் வழியாக, எந்த நாள், எத்தனை பேர் என்பதை வரைபடத்தோடு இணைக்கிறோம். அனுமதி கிடைக்காத துண்டு இருந்தால் அதை விட்டுவிட்டுச் சாலை வழியாக நடப்போம். சுண்ணாம்புக்குளத்திலும் அண்ணாமலைச்சேரியிலும் முன்கூட்டியே ஒரு நாள் போய் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். நண்பர்களில் ஒருவருக்கு இரவு ஷிஃப்ட் மாற வேண்டியிருக்கிறது. தை மாதக் காலண்டரில் அஷ்டமியைச் சுற்றி வட்டம் போட்டாகிவிட்டது. ஏலக்கூடத்துப் பெரியவர், புறப்படுவதற்கு முந்தின நாள் போன் பண்ணினால் முகத்துவாரம் எப்படி இருக்கிறது என்று சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். திறந்திருந்தால் காலை நடையை முன்னால் தள்ளி, இரண்டாம் நாள் வழியைக் கொஞ்சம் மேற்கே நகர்த்துவோம்.